சாக்கடை வேறு, தொழுவம் வேறு

பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 குழந்தைகளை 23 வயதுவரை பின்தொடர்ந்த கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 'ஹே ஃபீவர்' என்று மேலைநாட்டார் சொல்லும் மகரந்த ஒவ்வாமை, அதாவது பூக்கும் பருவம் வந்தால் அடுக்குத் தும்மலும் மூக்கொழுகலும் கண் அரிப்புமாகப் படுத்தும் நோய், அவர்களில் யாருக்கு வந்தது என்று டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர் அலசினார். 1989இல் அவர் வெளியிட்ட முடிவு பலரை வியக்க வைத்தது. வீட்டில் அண்ணன், அக்காக்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வாமை குறைந்திருந்தது. மூத்தவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் தொற்றுகள் இளையவர்களுக்குக் காப்பாக அமைந்திருக்கலாம். குடும்பம் சிறுத்து வீடும் துப்புரவானபோது அந்தக் காப்பு போயிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகம்தான் இன்று 'அழுக்கில் புரண்டால்தான் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வரும்' என்ற அறிவுரையாகச் சுருங்கி உலவுகிறது. ஸ்ட்ராக்கனின் கணக்கில் பிழை இல்லை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம்தான் பிழை.

அவர் கவனித்த போக்குக்கு அதைவிடப் பழைய சாட்சி இருக்கிறது. நோய்க்குக் காரணம் மகரந்தமே என்று தன் உடம்பிலேயே சோதித்து 1873இல் நூல் எழுதியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. மகரந்தத்தின் நடுவிலேயே வாழும் உழவர்களுக்கு இந்நோய் அரிதாக இருப்பதும், படித்த வர்க்கத்தாரையே அது தேடி வருவதும் அவருக்குப் புதிராக இருந்தன. அந்தப் புதிரை அவிழ்த்தவை ஆல்ப்ஸ் மலைப்பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள். ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் பிள்ளைகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், முதல் பிறந்தநாளுக்கு முன்பே மாட்டுத்தொழுவத்தின் காற்றும் பண்ணைப் பாலும் பழகியவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே மகரந்த ஒவ்வாமை இருந்தது. ஒரு வயதுக்குப் பிறகு பழகியவர்களில் அது 13 சதவீதம். பிறந்த குழந்தையின் உடலுக்கு எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துப்போக வேண்டும் என்ற தேர்ச்சி இன்னும் வந்திருக்காது. தீங்கு செய்யாத பலவகை நுண்ணுயிர்கள் குடலிலும் தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடியேறி அந்தத் தேர்ச்சியைத் தருகின்றன. அது கிட்டாத உடல், பின்னாளில் ஒன்றும் செய்யாத மகரந்தத் துகளைப் பகையாக எண்ணிப் போர் தொடுக்கிறது.

எல்லாம் பரம்பரை வாகு என்று சிலர் சொல்வார்கள். பெற்றோருக்கு ஒவ்வாமை இருந்தால் பிள்ளைக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு வேளாண் சமூகங்களைப் பாருங்கள். இரண்டின் மூதாதையரும் ஆல்ப்ஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள். மரபணு அளவில் நெருங்கியவர்கள். பெரிய குடும்பம், நீண்ட நாள் தாய்ப்பால், தடுப்பூசி, புகையிலை விலக்கு ஆகியவற்றிலும் ஒத்தவர்கள். ஆனாலும் ஆமிஷ் பிள்ளைகளில் ஒவ்வாமைக்கு ஆளாகும் உடல்வாகு 7.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 33.3 சதவீதம். ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். தொழுவம் வீட்டை ஒட்டி இருக்கிறது. ஹட்டரைட் மக்களுடையது இயந்திரமயமான பெரும் பண்ணை. 2016இல் வெளியான ஆய்வு இரு தரப்பு வீட்டுத் தூசியையும் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தது. ஆமிஷ் வீட்டுத் தூசி எலிகளை ஆஸ்துமாவிலிருந்து காத்தது, மற்றது காக்கவில்லை. பரம்பரை வாசலைத் திறந்து வைக்கலாம். நோய் உள்ளே வருவதைச் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஜெர்மனி இணைந்த பிறகு, கிழக்கில் உள்ள லைப்சிக் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடையே சில ஆண்டுகளிலேயே மகரந்த ஒவ்வாமை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அவர்கள் தங்கள் முதல் மூன்று ஆண்டுகளையாவது இணைப்புக்கு முந்தைய கிழக்கு ஜெர்மனிச் சூழலில் கழித்தவர்கள். அப்படியானால் முதல் ஆண்டுகளுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். முதல் ஆண்டுகளின் பங்கு பெரிது, அவையே முழுவிதி அல்ல என்பதே இதற்குப் பதில். பிந்தைய சூழலும் கை வைக்கிறது என்றால், ஒரு வயது தாண்டிய பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை என்றும் அதற்குப் பொருள்.

சான்றுகள் இவ்வளவு சொல்லியும் அவற்றில் எதுவும் அழுக்கைப் பரிந்துரைக்கவில்லை. சிறுவயதில் தட்டம்மை போன்ற நோய்கள் வந்தால் ஒவ்வாமை விலகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. தடுப்பூசி மகரந்த ஒவ்வாமையைக் கூட்டுவதாகவும் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. தொழுவத்தில் கால்நடையோடும் வைக்கோலோடும் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று. நம் நகரத் தெருவில் மலக்கழிவு கலந்து ஓடும் சாக்கடை வேறொன்று. பின்னது தருவது வயிற்றுப்போக்கும் டைபாய்டும்தான். பண்ணைப் பால் காத்தது என்பதற்காகக் காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதும் ஆபத்து. காசநோயும் புரூசெல்லா காய்ச்சலும் அந்த வழியில் வரும்.

நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை வேறு இடத்தில் இருக்கின்றன. கைக்குழந்தைக்குத் தரப்படும் ஆன்டிபயாடிக் மருந்து, பின்னாளைய ஒவ்வாமையோடு சேர்ந்தே காணப்படுகிறது. சளி பிடிக்கும் பிள்ளைக்குத்தானே அந்த மருந்து அதிகம் போகிறது, அதனால் கணக்கு குழம்பலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் வைரஸால் வரும் சளிக்கு அந்த மருந்து எப்படியும் பயன்படாது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் புகட்டுவதை நிறுத்தினால் நட்டம் யாருக்கும் இல்லை. சிசேரியனில் பிறக்கும் குழந்தை, தாயின் பிறப்புப் பாதையில் பெறும் நுண்ணுயிர்களைத் தவறவிடுகிறது. ஒவ்வாமையோடு அதற்குள்ள தொடர்பு சிறிதே என்றாலும் பல ஆய்வுகளில் தென்படுகிறது. உயிர் காக்கும் சிசேரியனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்னும்போது, அத்தனையும் தேவைதானா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எனவே பெற்றோர் சோப்பையும் தடுப்பூசி அட்டையையும் தூக்கிப் போட வேண்டாம். கழிப்பறைக்குப் பின்னும் சாப்பாட்டுக்கு முன்னும் கை கழுவட்டும்; மற்ற நேரத்தில் பிள்ளை மண்ணிலும் மரத்தடியிலும் ஆடுமாடுகளோடும் மற்றப் பிள்ளைகளோடும் விளையாடட்டும். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்க வேண்டாம். மருத்துவர் எழுதாத ஆன்டிபயாடிக் வேண்டாம். மண் மிதித்து விளையாட இடமில்லாத அடுக்குமாடிகளுக்கு அனுமதி தரும் நகராட்சிகள், பூங்காவையும் குழந்தைகளின் உடல்நலக் கணக்கில் சேர்க்கட்டும்.