பழைய எஸ்.எஸ்.டி.க்கு எந்தக் கூடு?

விடுதி அறைகளின் மேசை இழுப்பறைகளில், மடிக்கணினியிலிருந்து கழற்றிய பழைய எஸ்.எஸ்.டி. ஒன்று எளிதில் அகப்படும். அதை ஒரு வெளிக்கூட்டில் பொருத்தினால், யு.எஸ்.பி. வழியே இயங்கும் நல்ல சேமிப்பகமாகிவிடும். ஆனால், கூடு வாங்க நேரு பிளேசுக்குப் புறப்படும் நம் நண்பர்களிற் பலர், அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வேகத்தைக் கண்டு மயங்கிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வரும் பணத்தில் மாதத்தை ஓட்டும் மாணவனுக்கு இது தகுமா? விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பதே என் கட்சி.

முதலில், கையிலிருப்பது எவ்வகை என அறிதல் வேண்டும். மடிக்கணினியில் இருந்தது இரண்டரை அங்குலப் பெட்டி வடிவானால் அது சாட்டா வகை. மெல்லிய பலகை வடிவானால் பெரும்பாலும் எம்.2. இந்த எம்.2-விலும் சாட்டா உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பொருத்தும் முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஐயமிருப்பின், மேலே ஒட்டிய சீட்டிலுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு தெளியலாம். ஒன்றுக்கென மட்டும் செய்த கூட்டில் மற்றது இயங்காது என்பதை மறக்கலாகாது.

அடுத்தது வேகம். சாட்டாவின் உச்ச எல்லை நொடிக்கு 6 கிகாபிட். நடைமுறையில் ஏறத்தாழ 550 மெகாபைட். நொடிக்கு 5 கிகாபிட் செல்லும் சாதாரணக் கூட்டிலேயே 400 மெகாபைட்டுக்கு மேல் கிடைத்துவிடும். 10 கிகாபிட் கூடு இருந்தால் குறையே இல்லை. அதற்குமேல் 40 கிகாபிட் கூட்டைத் தேடுவது, ஓடை நீருக்கு ஆற்று மதகு கட்டுவதை ஒக்கும். அன்றியும், யு.எஸ்.பி. 2.0 கம்பியையோ துளையையோ பயன்படுத்தினால் எந்தக் கூடும் 40 மெகாபைட் அளவில் நின்றுவிடும். ஆகவே, கூட்டைப் பார்க்கும் கண் கம்பியையும் பார்க்கட்டும்.

அப்படியானால் மிக மலிவானதே போதுமா எனக் கேட்கலாம். போதாது. யு.ஏ.எஸ்.பி., டிரிம் என்னும் இரண்டையும் கூடு ஏற்குமா எனக் கேட்டே வாங்க வேண்டும். முன்னது தரவு விரைந்து செல்ல உதவுவது. பின்னது, அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்கு உணர்த்தி, எழுதும் வேகம் தளராமல் காப்பது. என்.வி.எம்.இ. மிகச் சூடேறும், அதற்கு அலுமினியக் கூடே நன்று. சாட்டாவுக்குப் பிளாஸ்டிக் போதும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. எவ்வளவு நல்ல கூடும் பழைய எஸ்.எஸ்.டி.யை இளமையாக்காது. அது தரவை மின்னேற்றமாகவே வைத்திருக்கிறது. மின்சாரமின்றிக் கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரவரையறை. வெப்பம் கூடக் கூட இக்காலம் குறையும். தில்லிக் கோடையில் பூட்டிய விடுதி அறை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்பவர், ஆய்வேட்டின் ஒரே பிரதியை அதில் வைத்துச் செல்லலாமா? கூடாது. இரண்டாம் பிரதிக்கு அது உரிய இடம். ஒரே பிரதிக்கு அன்று.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். சாட்டாவுக்கு ஒன்று, என்.வி.எம்.இ.க்கு ஒன்று என இரண்டு கூடுகளைச் சங்கத்தின் பொதுவுடைமையாக வாங்கி வைத்தால் என்ன? கணினி பழுதாகித் தேர்வு நேரத்தில் தவிக்கும் மாணவர், தம் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதில் பொருத்தி, குறிப்புகளை மீட்டுக்கொள்வார். சொந்தமாக வாங்க எண்ணுபவரும் முதலில் அதில் பொருத்திச் சோதித்துப் பார்க்கலாம். செலவு சிறிது, பயன் பெரிது. அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கருத வேண்டுகிறேன்.