ஆதிக்குடிகளின் உடையும் வெள்ளையர் வியாபாரமும்

அமெரிக்காவின் ஆதிக்குடிகளுக்குச் செவ்விந்தியர் என்று வெள்ளையர் பெயரிட்டழைத்து வந்தது நமது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயமே. அந்த ஜனங்களின் உடையையும் அணியையும் போலிசெய்து கடைக்காரர்கள் பணம் சேர்ப்பதை அவர்கள் ஆட்சேபித்தால், “ஒரு இறகுக்கும் பாசிமணிக்கும் இவ்வளவு ரகளையா?” என்று கேட்கின்ற கனவான்கள் இருக்கின்றார்கள்.

1879ம் வருஷம் பென்சில்வேனியாவில் கார்லைல் என்னும் ஊரில் இவர்களுடைய பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தப்பட்டது. அங்கு முதல் பாடம் என்ன? தலைமயிரைக் கத்தரிப்பது, வீட்டிலிருந்து உடுத்திவந்ததைப் பிடுங்கிவிட்டுப் பட்டாள உடுப்பை மாட்டுவது, தாய்பாஷை பேசினால் தண்டிப்பது. 1883ல் அமெரிக்க சர்க்கார் இவர்களது சடங்கு நடனங்களைக் குற்றமாக்கி, ஆடினவர்களுக்கு உணவுப் படியை நிறுத்தவும் சிறையிலடைக்கவும் விதி செய்தது. கானடாவிலோ 1914ல், மேற்கு மாகாணத்து ஆதிக்குடிகள் தங்கள் சொந்த உடையில் நடனத்திலோ காட்சியிலோ கலந்துகொள்ள அதிகாரியின் அனுமதி வேண்டுமென்று சட்டமே போட்டார்கள். பாட்டன் உடையை உடுத்த அன்னியனிடம் உத்தரவு! தோள்சீலைக்காக அடிபட்ட திருவாங்கூர்ப் பெண்களின் சங்கதி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிற்க, லக்கோட்டா முதலிய சமவெளிக் குடியாருக்குள் கழுகிறகுக் கிரீடம் என்பது காசுக்கு வாங்குவதல்ல. தன் ஜனத்துக்காகச் செய்த காரியங்களுக்காக இறகு இறகாகச் சம்பாதிப்பது. அதைப்போன்ற ஒன்றை 2012ல் விக்டோரியாஸ் சீக்ரெட் என்னும் உள்ளாடைக் கம்பெனி, உள்ளாடையோடு ஒரு பெண்ணின் தலையில் வைத்து மேடையில் நடக்கவிட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மன்னிப்புக் கேட்டது. அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற மற்றொரு கம்பெனி ஜட்டிக்கும் சாராயக் குப்பிக்கும் “நவஹோ” என்று பெயர் வைத்து விற்றது. தங்கள் எல்லைக்குள் பெரும்பாலும் மது விற்பனையையே தடுத்திருக்கின்ற ஜனத்தின் பெயர் சாராயக் குப்பிக்கு! நவஹோ தேசத்தார் 2012ல் வழக்குத் தொடுத்தார்கள். 2016ல் அது ராஜியில் முடிந்தது.

இறகில் தெய்வசக்தி இருக்கிறதென்று நாம் நம்புகிறவர்களல்ல. அதனாலேயே நமது சிநேகிதர் சிலர், “நீங்கள் இதற்குப் பரிந்து பேசலாமா?” என்று கேட்கின்றார்கள். பட்டாளத்தான் பெற்ற மெடலைப்போல் ஒன்றைச் சந்தையில் வாங்கிக் குத்திக்கொண்டு திரிகிறவனை ஊர் என்ன சொல்லும்? மெடலில் எந்தத் தெய்வம் இருக்கிறது? நாமும் கோட்டுப் போடுகிறோமே என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், கோட்டுப் போட்ட குற்றத்துக்காக எந்த வெள்ளையனையும் யாரும் பட்டினி போட்டதில்லையே!

அவர்கள் விற்கவே மாட்டோமென்றும் சொல்லவில்லை. நவஹோ தட்டார்கள் வெள்ளியும் நீலக்கல்லும் சேர்த்துச் செய்யும் நகைகளையும், பெண்கள் நெய்யும் கம்பளிகளையும் யாரும் வாங்கலாம். ஆதிக்குடிகள் செய்ததென்று பொய் சொல்லி விற்றால் 5 வருஷம் வரை சிறை என்று 1990ல் அமெரிக்காவில் ஒரு சட்டமும் செய்திருக்கின்றார்கள். கைகாரன் யாரென்று வாய்திறவாமல் மாதிரியை மட்டும் திருடுகின்ற கம்பெனிக்காரனை அந்தச் சட்டம் தொடுவதில்லை.