அண்ணனா, தம்பியா?

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். சாலிகிராமத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மானிட்டர், ஒரு ஹெட்போன். திரையில் நடிகர் வாய் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும். அவர் உதடு ஒட்டும் இடத்தில் என் வரியில் ஒரு பகரமோ மகரமோ வந்து விழ வேண்டும். பழைய புலவர்கள் உதடு ஒட்டாமலே பாட்டுக் கட்டினார்கள். நிரோட்டகம் என்று அதற்குப் பெயர். என் வேலை அதற்கு நேர் எதிர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சீன வாள்சண்டைப் படம் என்னிடம் வந்தது. சீன வசனம் வரவில்லை. அதை ஆங்கிலத்தில் பெயர்த்த தாள்தான் வந்தது. இரண்டு வீரர்கள். ஒருவன் மற்றவனை 'பிரதர்' என்று கூப்பிடுகிறான். கூப்பிடுகிறவனுக்கு அடர்ந்த மீசை, மற்றவன் மழமழவென்று இருக்கிறான். யோசிக்காமல் 'தம்பி' என்று எழுதிவிட்டேன். படம் டிவியில் ஓடிய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாடியில் குடியிருக்கும் பாய் கதவைத் தட்டினார். மண்ணடியில் கடை வைத்திருப்பவர். வருஷத்துக்கு நாலைந்து தடவை குவாங்சோவுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் படத்தை நான் அங்கே ஓட்டல் ரூம்ல சீனத்துலயே பார்த்திருக்கேன். அவன் 'தாகே'ன்னுதான் கூப்பிடுறான். தாகேன்னா அண்ணன். மார்க்கெட்டுல நாங்களே தினம் சொல்ற வார்த்தை. நீங்க தம்பின்னு போட்டுட்டீங்க."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூத்தவனுக்காகத் தம்பி உயிரைக் கொடுக்கும் கதை, என் கையில் தம்பிக்காக அண்ணன் செத்த கதையாகிவிட்டது. அந்த மீசைக்காரன் ஏன் எப்போதும் ஒரு அடி பின்னாலேயே நடந்தான், ஏன் அடுத்தவன் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தான் என்பதற்கெல்லாம் தமிழில் பொருளே இல்லாமல் போயிற்று.

சீனத்தில் கேகே என்றால் அண்ணன், தீதீ என்றால் தம்பி. அக்காவுக்கு ஒரு சொல், தங்கைக்கு ஒரு சொல். அப்பாவின் அண்ணன் வேறு, அப்பாவின் தம்பி வேறு, தாய்மாமன் வேறு. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் பிரிப்பதுபோலவே அவர்களும் பிரிக்கிறார்கள். இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் 'பிரதர்', எல்லாரும் 'அங்கிள்'. சீனாவோடு சேர்ந்து படம் எடுப்பதைப் பற்றி நான் சொல்ல வருவதன் வேர் இதுதான்.

'மகாராஜா' என்ற தமிழ்ப் படம் 2024 நவம்பரில் சீனத் திரையரங்குகளில் வெளியாகி நன்றாக ஓடியதிலிருந்து, 'இனி சீனாவோடு கூட்டுத் தயாரிப்பு' என்ற பேச்சு எங்கள் டப்பிங் தியேட்டர் வாசல் டீக்கடை வரை வந்துவிட்டது. பேசுகிறவர்கள் எல்லாரும் திரை எண்ணிக்கையையும் பங்குத் தொகையையும் பேசுகிறார்கள். எந்த மொழியில் யார் எழுதுவது என்பதை ஒருவரும் பேசவில்லை.

பணக் கணக்கு பெரியதுதான், ஒத்துக்கொள்கிறேன். 2012இல் அமெரிக்காவோடு சீனா செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, வசூலில் பங்கு பெறும் அயல்நாட்டுப் படங்கள் ஆண்டுக்கு 34. அவற்றுக்கு வசூலில் 25 சதவீதம். கூட்டுத் தயாரிப்பு என்று முத்திரை விழுந்துவிட்டால் அந்தப் படம் உள்நாட்டுப் படம். 34 என்ற வரம்பு அதற்கு இல்லை, பங்கும் 40 சதவீதத்துக்கு மேல் போகும். முத்திரை வேண்டுமானால் திரைக்கதைக்கு முன்அனுமதி வாங்க வேண்டும், முதன்மை நடிகர்களில் சீனர்கள் இருக்க வேண்டும். இதற்கென்றே 1979 முதல் ஒரு அரசு நிறுவனம் பெய்ஜிங்கில் இயங்குகிறது.

முத்திரைக்காகக் கதை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2016இல் வந்த 'தி கிரேட் வால்' போதும். ஜாங் யிமோ போன்ற பெரிய இயக்குநர், மேட் டேமன், 15 கோடி டாலர் செலவு. பெருஞ்சுவரைக் காக்கும் பெண் தளபதி ஆங்கிலம் பேச வேண்டும், இல்லாவிட்டால் கதாநாயகனோடு உரையாட முடியாது. அதற்காக, 25 ஆண்டுகளாக அங்கே சிறைப்பட்டுக் கிடக்கும் ஒரு ஐரோப்பியர் அவளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார் என்று ஒரு பாத்திரத்தையே உண்டாக்கினார்கள். ஒரு தயாரிப்புச் சிக்கலை அடைக்க ஒரு மனிதன்! அமெரிக்காவில் படம் நாலரைக் கோடி டாலரோடு நின்றது. சீன ரசிகர்களும் அதைத் தங்கள் படமாக எடுத்துக்கொள்ளவில்லை.

'அயர்ன் மேன் 3' கடைசியில் அந்த முத்திரையைக் கேட்கவில்லை என்றாலும் போன வழி அதுதான். சீனப் பதிப்பில் மட்டும் சுமார் 4 நிமிடக் காட்சிகளைச் சேர்த்தார்கள். புகழ்பெற்ற நடிகை ஃபான் பிங்பிங் தாதியாக வந்து போகிறார், ஒரு பால் பானத்தின் விளம்பரமும் சேர்ந்து வருகிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வாசலோடு மோர் கொடுத்து அனுப்புவது போன்ற காரியம். சீனப் பார்வையாளர்கள் அதை உடனே கண்டுகொண்டார்கள், மனம் புண்பட்டார்கள்.

'தி கிரேட் வால்' வந்த அதே 2016இல் 'குங்ஃபூ பாண்டா 3' வந்தது. அமெரிக்காவிலும் ஷாங்காயிலும் சேர்ந்து செய்த படம். அதில் பாத்திரங்களின் வாயசைவை ஆங்கிலத்துக்கு ஒரு முறை, மாண்டரினுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக அமைத்தார்கள். தொலைந்துபோன மகனைத் தேடி வரும் தந்தைப் பாண்டாவுக்கு மாண்டரினில் குரல் கொடுத்தவர் ஜாக்கி சான். இதன் அருமை டப்பிங் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். ஆங்கிலத்தில் பிள்ளை 'டாட்' என்கிறது. உதடு ஒட்டவே ஒட்டாது. சீனத்தில் தந்தையை 'பாபா' என்பார்கள். உதடு இரண்டு தடவை ஒட்டும். தமிழில் 'அப்பா', ஒரு தடவை. ஆங்கில வாயின் மேல் 'அப்பா'வை ஏற்றும்போதெல்லாம் ஒரு நொடி பொய்யாகத் தெரியும். எத்தனை தடவை அந்த ஒரு சொல்லுக்காக வரியைப் புரட்டியிருக்கிறேன்! ஒரு படக்குழு செலவைப் பார்க்காமல், 'உன் பிள்ளை உன் மொழியில் கூப்பிடட்டும்' என்று இன்னொரு வாய் செய்து கொடுத்ததைக் கூட்டு என்று சொல்ல எனக்குத் தடையில்லை.

இன்னும் முன்னால் போனால் 2000இல் ஆங் லீ எடுத்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்'. தைவான், ஹாங்காங், சீனா, அமெரிக்கா என்று நாலு இடத்துப் பணம், நாலு இடத்து ஆட்கள். திரைக்கதை பிறந்த விதம்தான் என்னை ஈர்ப்பது. ஜேம்ஸ் ஷேமஸ் ஆங்கிலத்தில் எழுதினார். அது சீனத்துக்குப் போனது. வாங் ஹூயி-லிங்கும் சாய் குவோ-ஜுங்கும் அதைச் சீன மனதுக்கு ஏற்பத் திருத்தினார்கள். திரும்ப ஆங்கிலத்துக்கு வந்தது, மறுபடி போனது. நடிகர்கள் மாண்டரினில் பேசினார்கள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ வசனத்தை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்தார். சௌ யுன்-ஃபாட்டின் கான்டனீஸ் வாடையைச் சீனர்கள் சிலர் குறை சொன்னார்கள். சொல்லட்டும். ஆங்கிலம் பேசாத அந்தப் படம் அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, 4 ஆஸ்கர் வாங்கியது. சப்டைட்டிலையும் ஷேமஸே எழுதினார்; எழுதியவரே மொழிபெயர்ப்பின் பொறுப்பையும் சுமந்தார்.

சீனாவோடு சேர்ந்து இயக்குநர் பெர்ட்டோலுச்சி எடுத்த 'தி லாஸ்ட் எம்பரர்' (1987) பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் படம். ஆனாலும் அதில் ஒருவரை நான் மறப்பதில்லை: சிறை அதிகாரியாக வரும் யிங் ருவோசெங். அப்போது அவர் சீனப் பண்பாட்டுத் துறைத் துணை அமைச்சர். அதற்கு முன் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் தாமே சிறையில் இருந்தவர். ஆர்தர் மில்லரின் 'விற்பனையாளனின் மரணம்' நாடகத்தைச் சீனத்தில் பெயர்த்து, 1983இல் மில்லரின் இயக்கத்தில் பெய்ஜிங் மேடையில் நடித்தவர். இரண்டு மொழியிலும் வாழ்ந்த ஒருவர் உள்ளே இருந்ததால், அந்தச் சிறைக் காட்சிகளில் ஆங்கிலத்துக்கு அடியில் வேறொரு மொழி ஓடுவது எனக்குக் கேட்கிறது.

நம் பக்கம் வருவோம். ஷி ஜின்பிங் 2014 செப்டம்பரில் இந்தியா வந்தபோது இரு நாட்டுக்கும் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. யுவான் சுவாங் பற்றி 2016இல் ஒரு படம் வந்தது. காஞ்சிபுரம் வரை வந்துபோன துறவி என்பதால் நான் மிகவும் எதிர்பார்த்தேன். இங்கே வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. அடுத்த ஆண்டு ஜாக்கி சானின் 'குங்ஃபூ யோகா'. சீனாவில் பெரும் வசூல். ஆனால் அதில் வரும் இந்தியா, மகதப் புதையலும் தெரு வித்தைக்காரர்களும் கடைசியில் ஒரு கூட்டு நடனமுமாக இருக்கும் இந்தியா. ஜாக்கி சானை நான் நேசிக்கிறேன். என் தலைமுறைக்கே அவர் வீட்டுப் பிள்ளை. அந்த அன்பினால்தான் சொல்கிறேன்: அந்தக் கதையில் நம்மவர் ஒருவர்கூட அண்ணனாகவோ தங்கையாகவோ என் மனதில் நிற்கவில்லை. 2020இல் இந்திய-சீன எல்லையில் இரத்தம் சிந்திய பிறகு கூட்டுத் தயாரிப்புப் பேச்சே நின்றுபோனது.

'மகாராஜா'வில் ஒரு சீனப் பாத்திரம்கூட இல்லை. சென்னையில் முடிதிருத்தும் ஒரு தகப்பன், அவன் மகள், ஒரு குப்பைத்தொட்டி. அது அங்கே போய்ச் சேர்ந்தது. சீன நடிகரை நாலு காட்சியில் நுழைப்பதாலோ பெருஞ்சுவரில் பாட்டு எடுப்பதாலோ அந்த உறவு வந்துவிடாது.

கூட்டு என்று வந்துவிட்டால் யார் கை ஓங்கும் என்பதையும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். 2019இல் வந்த 'அபாமினபிள்' ஷாங்காய் சிறுமி ஒருத்தியையும் ஒரு பனிமனிதனையும் பற்றிய அமெரிக்க-சீனக் கூட்டு அனிமேஷன். அந்தச் சிறுமி மாட்டி வைத்த வரைபடத்தில், தென்சீனக் கடலைச் சீனா உரிமை கோரும் ஒன்பது கோடுகள் இருந்தன. வியட்நாம் படத்தை நிறுத்தியது. மலேசியாவில் வெட்டச் சொன்னார்கள், தயாரிப்புத் தரப்பு மறுத்தது, அங்கே வெளியாகவே இல்லை. ஒரு பனிமனிதனைப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குக் கடல் எல்லை குறுக்கே வந்தது. திரைக்கதையை இரு தரப்பும் வரி வரியாகப் படிக்கும் மேசை ஒன்று இருந்திருந்தால், அந்த இடத்தில் வேறு படம் மாட்டியிருப்பார்கள்.

அந்த மேசைக்கு ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இருக்கிறது. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. என் அப்பா மாலையில் சிற்றலையைத் திருகித் திருகி அந்தக் குரலைப் பிடிப்பார். சீனர்கள், தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, நம்மைவிடச் சுத்தமாக 'வணக்கம் நேயர்களே' என்பார்கள். ஊர் ஊராக அவர்களுக்கு நேயர் மன்றங்கள் இருந்தன. சீனத்திலிருந்து ஆங்கிலத்தைத் தொடாமல் நேராகத் தமிழுக்கு வரத் தெரிந்தவர்கள் பெய்ஜிங்கில் இருக்கிறார்கள்.

தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கு என் கோரிக்கை இது. நாளைக்கு ஒப்பந்தம் போடும்போது பங்குச் சதவீதத்துக்கு முன்னால் ஒரு பிரிவு எழுதுங்கள். தமிழ் தெரிந்த அந்தப் பெய்ஜிங்காரர்களில் ஒருவருக்கும் இங்கிருந்து ஒரு வசனகர்த்தாவுக்கும் முதல் நாளிலிருந்தே நாற்காலி போடுங்கள், இருவருக்கும் ஊதியம் கொடுங்கள், இருவர் பெயரையும் திரையில் போடுங்கள். கதையில் யார் அண்ணன், யார் தம்பி என்பதை முதலில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும். கேமராவை அதற்கப்புறம் எடுக்கலாம்.