ஒரு காது மட்டும் மந்தமானால்...

வல்லக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஆறு மாதமாக இடது காது மந்தம். உள்ளே 'ங்கொய்' என்று ஓயாத இரைச்சல். "மெஷின் சத்தம்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. டாக்டரோ தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும், அதுவும் ஊசி போட்டு எடுக்கணும்கிறார். வீண் செலவா? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேனே!" என்று கேட்கிறார்.

வீண் செலவு இல்லை, சகோதரி. மெஷின் சத்தம் பெரும்பாலும் இரண்டு காதையுமே கெடுக்கும். அழுக்கு, சீழ் ஏதுமில்லாமல் ஒரே காது மட்டும் மந்தமானால், மண்டையோட்டின் அடிப்பாகத்தைப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம். அநேகம் பேருக்கு அங்கே ஒன்றும் இருக்காது. அபூர்வமாகச் சிலருக்குக் கட்டி இருக்கும். பயந்துவிடாதீர்கள், அந்த இடத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

ஆனால் என்ன கட்டி என்று தெரிய வேண்டுமே! ஊசி போடாத படத்தில் ஒன்றைப் போலவே இன்னொன்று தோன்றக்கூடும். காடோலினியம் சேர்ந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றினால் அது ரத்தத்தோடு போய்க் கட்டிக்குள் கசியும். கசிந்த இடம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். காது நரம்பின் உறையில் வளரும் ஷ்வானோமா, உள்காதுக்குப் போகும் எலும்புக் குழாய்க்குள் நுழைந்து, கோன் ஐஸ்கிரீம் மாதிரி தெரியும். மூளையின் மேலுறையில் வளரும் மெனிஞ்சியோமா அந்த உறையோடு அகலமாக ஒட்டியிருக்கும்; ஓரத்தில் வால் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதும் உண்டு. எபிடெர்மாய்டு என்ற கட்டியோ ஊசிக்குப் பிறகும் அநேகமாகப் பளிச்சிடாது. வாலைப் பார்த்ததுமே அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். இருந்தாலும், சும்மா கவனித்து வரலாமா, கதிர் சிகிச்சையா, ஆபரேஷனா, ஆபரேஷன் என்றால் முகம் கோணாமல் முகநரம்பைக் காப்பாற்ற எந்தப் பக்கமாகப் போவது என்பதையெல்லாம் டாக்டர்கள் இதை வைத்துத்தான் யோசிக்கிறார்கள்.

1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியபோது உலகில் எங்குமே ஸ்கேன் கிடையாது. முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது அந்தக் காலத்து முறை. நோயாளிக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும்!

குழந்தை விஷயம்: இந்த மருந்து தாய்ப்பாலில் போவது மிக மிகச் சொற்பம். பாலை நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பமோ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிடுங்கள். காப்பர்-டி வைத்திருந்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். தங்கத்தை அது இழுக்காது; ஆனால் தாலிக்கொடியில் நாம் மாட்டி வைக்கும் ஊக்குகளை இழுத்துவிடும்! கொடி, மெட்டி, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வீட்டு மனுஷியிடம் கொடுங்கள். வெறுங்கழுத்தோடு போக மனசு கேட்காவிட்டால், நூல் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு, அதையும் அங்கே இருப்பவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். உள்ளே 'டக் டக்' என்று சத்தம் ஜாஸ்தி. காதை அடைக்கப் பஞ்சோ ரப்பரோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காது கேட்கும் பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால், முதலில் அதைச் செய்துகொண்டு அந்தச் சீட்டோடு ஸ்கேனுக்குப் போங்கள்.