ஆம்ப் போச்சா? முதலில் வயரைப் பாருங்கள்!

காரில் பாட்டு திடீரென்று நின்றுவிடுகிறது. டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் விளக்கே எரியவில்லை. அல்லது சவுண்டைக் கூட்டினால் மட்டும் ஆஃப் ஆகிறது. 'ஆம்ப் போச்சு சார், புதுசுதான் மாத்தணும்' என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பல நேரங்களில் கோளாறு ஆம்ப்பில் இருக்காது. அதற்குக் கரன்ட் வரும் வழியில்தான் இருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

ஆம்ப் உயிர்பெற மூன்று வயர்கள் வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ்விலிருந்து வருவது ஒன்று. காரின் பாடியில் இணையும் எர்த் வயர் இரண்டாவது. ஸ்டீரியோவை ஆன் செய்ததும் 'நீயும் விழித்துக்கொள்' என்று ஆம்ப்புக்குச் சொல்லும் மெல்லிய ரிமோட் வயர் மூன்றாவது.

ஸ்டீரியோவை ஆன் செய்யுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையை ஆம்ப்பின் எர்த்திலும் சிவப்பு முனையைப் பாசிட்டிவ்விலும் வையுங்கள். இன்ஜின் ஓடாதபோது 12 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையா? கறுப்பு முனையை மட்டும் காரின் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். இப்போது 12 காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. அப்போதும் இல்லையென்றால் பேட்டரி அருகில் உள்ள ஃப்யூஸைப் பாருங்கள். இரண்டும் சரி, ஆனாலும் ஆம்ப் எழவில்லை என்றால் ரிமோட் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

சவுண்டைக் கூட்டும்போது மட்டும் நின்றால், எர்த் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். 600 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு 50 ஆம்பியர் கரன்ட் வேண்டும். பெயின்ட் மேல் போட்ட போல்ட்டில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே 2.5 வோல்ட் அங்கேயே வீணாகும். அந்த இடத்தில் 125 வாட் சூடு! 25 வாட் சால்டரிங் அயர்ன் ஐந்தை ஒன்றாக வைத்த மாதிரி. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட்டை இறுக்குங்கள். பாசிட்டிவ் வயரின் அதே தடிமனில் எர்த் வயரும் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். கழற்றி மாட்டும் முன் பேட்டரியின் நெகட்டிவ்வை எடுத்துவிடுங்கள்.

'புரொடெக்ட்' விளக்கு எரிகிறதா? ஆம்ப்பை ஆஃப் செய்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ, எங்காவது உரசித் தோல் கிழிந்த அதன் வயரிலோ இருக்கலாம். அப்போதும் எரிந்தால் ஆம்ப்பை சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 60 ஆம்பியருக்குப் பதில் 100 போடுவதும், கம்பியைச் சுற்றிவிடுவதும் வேண்டவே வேண்டாம். பேட்டரி அருகே இருக்கும் ஃப்யூஸ் காப்பது ஆம்ப்பை அல்ல, வயரை. அந்த வயர் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழே, கார்ப்பெட்டுக்கு அடியில்தான் போகிறது. ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் எரிய வேண்டும். அது எரியாவிட்டால் வயர் எரியும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் சரியான ஃப்யூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பானெட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.