இருமல் நிற்கவில்லை, கணக்கை மட்டும் முடித்துவிட்டார்கள்

எங்கள் நெய்வேலியில் யாராவது விடாமல் இருமினால் உடனே தீர்ப்பு வந்துவிடும். "மைன்ஸ் தூசி, வேற என்ன!" என் பெரியப்பாவுக்கும் அதே தீர்ப்புதான். பத்து வருடமாக தினமும் காலையில் மஞ்சள் சளி. மாதம் ஒரு இருமல் சிரப், அடிக்கடி ஐந்து நாள் ஆன்டிபயாடிக். சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்காரவே யோசிப்பார்கள்.

போன வருடம்தான் ஒரு டாக்டர் கேட்டார், "முன்னாடி டி.பி. வந்திருக்கா?" வந்திருக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். குணமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது சி.டி. ஸ்கேன் எடுத்தால், பிராங்கியெக்டாசிஸ்!

அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தொளதொளவென்று ஆகிவிடுவது. சளி மேலே ஏறாமல் தேங்கும். தேங்கிய சளியில் கிருமி வளரும். கிருமியால் அழற்சி, அழற்சியால் குழாய் இன்னும் கெடும். மறுபடி முதலிலிருந்து. தூசி இதை மோசமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் தூசி தூசி என்றே சொல்லி யாரும் ஸ்கேன் வரைக்கும் போகவில்லை. டி.பி. திரும்பவில்லை என்று சளிப் பரிசோதனையில் தெரிந்துவிட்டால், இது அடுத்தவருக்கு ஒட்டும் வியாதியும் இல்லை. பத்து வருடம் ஒதுங்கி உட்கார்ந்தவர்களுக்கு இதை யார் சொல்வது?

இது அபூர்வமும் இல்லை. 2019-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த இந்தியப் பதிவேட்டில் 2195 நோயாளிகள். அதில் 35.5 சதவீதம் பேருக்குக் காரணம் பழைய காசநோய்.

நான் பி.காம். படிப்பவன். பாக்கி இருக்கும்போது கணக்கை முடித்தால் அது பொய்க்கணக்கு என்று முதல் வருடமே சொல்லித் தந்துவிடுகிறார்கள். டி.பி. நோயாளிக்கு சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். நல்லதுதான். ஆனால் சிகிச்சை முடிந்தால் அதுவும் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதுவும் முக்கியமாக நோய் திரும்பியதா என்று பார்க்கத்தான். மிச்சமிருக்கும் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது?

"காசு எங்கே?" என்பார்கள். 2025-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு இருபது நிமிடம். அவ்வளவு நேரத்தில்தான் பிசியோதெரபிஸ்ட் பெரியப்பாவுக்குச் சொல்லித் தந்தார். ஆழமாக மூச்சை இழு, சில நொடி நிறுத்து, கண்ணாடியில் ஆவி படர ஊதுவது போல 'ஹா' என்று விடு. தினமும் இரண்டு வேளை. கூடவே சளி கல்ச்சர் பார்த்து சரியான ஆன்டிபயாடிக், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, தினசரி நடை. சளியில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. சளியை உள்ளேயே அடக்கி வைக்கும் சிரப்பைக் குப்பையில் போடலாம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார். டி.பி. முடிந்தும் இருமல் நிற்காதவர்கள் வீட்டுக்கும் அவரை அனுப்புங்கள். டி.பி.யை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது நம் சென்னைதான். மீதி பாதியை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

பெரியப்பா இப்போது காலையில் வாசலில் உட்கார்ந்து 'ஹா... ஹா...' என்கிறார். நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் இந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் காய்ச்சல். போன அந்தப் பத்து வருடத்தை யார் கணக்கில் எழுதுவது?