"புதுசா வந்த மாத்திரை இருந்தா எழுதுங்க டாக்டர்!"

1/ ஓ.பி.யில அடிக்கடி காதுல விழுற வரி இது. அஞ்சு வருஷமா அதே சுகர் மாத்திரை, அலுத்துப் போச்சு. கேட்கிறதுல தப்பே இல்லை. ஆனா "பழசுதானே"ன்னு நீங்களா நிறுத்திடுறீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. அதுக்காகத்தான் இந்த இழை.

2/ புதுசுன்னா ஏன் கை தானா நீளுது? இதுவரை பார்க்காத ஒண்ணு எதிர்ல வந்தா, மூளையில டோபமைன் சுரக்கிற செல்கள் சுறுசுறுப்பாகும். "இதுல ஏதோ கிடைக்கும்"னு ஒரு எதிர்பார்ப்பு. பழகப் பழக அது சப்புனு ஆயிடும். புது போனுக்கு நடக்கிறதுதான் மாத்திரைக்கும்.

3/ மெட்ஃபார்மினை எடுத்துக்குங்க. இது சர்க்கரை நோய்க்கு உதவும்னு பிரான்ஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன் எழுதினது 1957ல. நம்ம திண்டுக்கல்ல தலப்பாக்கட்டி பிரியாணி ஆரம்பிச்சதும் அதே 1957! பிரியாணின்னா "அந்தக் காலத்துக் கடை"ன்னு பெருமையா வரிசையில நிக்கிறோம். மாத்திரைக்கு மட்டும் வயசு ஒரு குறையா?

4/ மருந்துல பழசுன்னா, அதோட நல்லது கெட்டது ரெண்டும் நமக்குத் தெரியும்னு அர்த்தம். மூட்டுவலிக்கு ரோஃபெகாக்சிப்னு ஒரு மாத்திரை 1999ல அமெரிக்காவுல வந்துச்சு. வயித்தைப் புண்ணாக்காதுன்னு ஏகப்பட்ட வரவேற்பு. தொடர்ந்து சாப்பிட்டவங்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலா வருதுன்னு தெரிஞ்சு 2004ல கம்பெனியே திரும்ப எடுத்துக்கிச்சு. இந்தியாவுலயும் தடை.

5/ அப்போ புதுசே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. டாபாகிளிஃப்ளோசின் புது மருந்துதான். சுகரோட இதயச் செயலிழப்போ கிட்னி பாதிப்போ இருந்தா நல்லா உதவுதுன்னு பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கு. அதனால எழுதுறோம். புதுசுங்கிறதுக்காக இல்லை.

6/ 2025ல வந்த எடை குறைக்கிற ஊசிகளும் அப்படித்தான். தேவைப்படுறவங்களுக்கு நல்ல மருந்து. ஆனா ஊசியை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு எடை திரும்ப ஏறுது. இதை வாட்ஸ்அப் ஃபார்வர்டு சொல்லாது.

7/ எனக்கு வருத்தம் எங்கேன்னா, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டு வாசலுக்கே வந்து மாத்திரை தர்றாங்க. அதை "கவர்மெண்ட் மாத்திரை, பழைய ஐட்டம்"னு டப்பாவுல போட்டு வச்சிடுறாங்க. சுகர் வலிக்காது. மூணு மாசம் விட்டாலும் ஒண்ணும் தெரியாது. தெரியும்போது கண்ணு, கிட்னி, கால்னு போயிருக்கும்.

8/ இனி புது மருந்து பத்திக் கேள்விப்பட்டா டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க:
• பழசைவிட இது எனக்கு எதுல மேல்?
• எத்தனை வருஷமா புழக்கத்துல இருக்கு?
• மாசம் எவ்வளவு ஆகும், விடாம வாங்க முடியுமா?
பதில் திருப்தியா இருந்தா தாராளமா மாறுங்க. அதுவரைக்கும் பழசை நிறுத்தாதீங்க.

9/ புதுசு கேட்கிற மனசை அடக்கவும் வேண்டாம். தினம் ஒரே தெருவுல நடக்கிறது போரடிச்சா, முடிஞ்சவங்க ஒருநாள் மலைக்கோட்டை ஏறுங்க. சமையல்ல இதுவரை வாங்காத கீரையை வாங்குங்க. மாத்திரை மட்டும் பழசாவே இருந்துட்டுப் போகட்டும்.